நல்லா இருக்கிற பிள்ளைக்குக் கஷாயம்

எங்கள் தலைமுறைப் பிள்ளைகள் கஷாயத்தைத் தேடிப் போனதில்லை. கஷாயம்தான் எங்களைத் தேடி வந்தது. கோடை மழையில் நனைந்தவன், வண்டிக்காரனிடம் சேமியா ஐஸ் வாங்கித் தின்றவன், கண் சிவக்கும்வரை ஆற்றில் கிடந்தவன், கல்யாண வீட்டில் இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்தவன் என்று குற்றவாளிப் பட்டியல் ஒன்று ஆச்சியின் மனதில் எப்போதும் தயாராக இருக்கும். தவறு செய்யாதவனுக்குக் கஷாயம் கிடையாது. கேட்டாலும் கிடைக்காது. கேட்கும் அளவுக்கு யாருக்கும் கிறுக்குப் பிடித்ததும் இல்லை.

இப்போது நான் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்கள், காலை நடைப்பயிற்சியை முடித்துவிட்டு, சொந்தக் காசில், சிரித்த முகத்தோடு கஷாயம் குடிக்கிறார்கள். பெயர்தான் ஹெர்பல் டீ. குடிப்பதற்கு முன் அதைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்களை அன்று யாராவது படம் எடுத்திருந்தால், மூக்கைப் பிடித்தபடி ஒரு கையும், தப்பி ஓடாமல் என் தோளை அமுக்கியபடி சித்தப்பாவின் ஒரு கையும்தான் அதில் விழுந்திருக்கும்.

1970-களில் நாங்கள் அம்பாசமுத்திரத்தில் இருந்தோம். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் பொதிகை மலை. அகத்தியர் வாசம் செய்த மலை என்பதால், அதன் அடிவாரத்தில் பிறந்த யாருக்கும் மருந்து சொல்லும் உரிமை உண்டு என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. தலைவலி என்று தெருவில் ஒருவரிடம் சொன்னால், தெரு முடிவதற்குள் ஐந்தாறு மருந்து கிடைத்துவிடும். ஆச்சி வைத்தியம் படித்தவள் அல்ல. ஆனால் சளிக்கு ஆடாதொடையும் தூதுவளையும், வயிற்றுப் பொருமலுக்கு ஓமம், காய்ச்சலுக்கு நிலவேம்பு, இன்ன கோளாறு என்று தெரியாததற்கெல்லாம் சுக்கு என்று அவளிடம் ஓர் ஒழுங்கு இருந்தது.

கஷாயம் போடுவதை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தப்பிக்க வழி உண்டா என்று பார்ப்பதற்காகத்தான். சுக்கை எடுத்தால் முதல் வேலை தோலைச் சீவுவது. சுக்குக்குப் புறத்தோல் நஞ்சு, கடுக்காய்க்கு உள்ளே இருக்கும் கொட்டை நஞ்சு என்பது அவள் கற்ற மருத்துவப் பாடத்தின் முதல் வரி. பிறகு அம்மியில் வைத்து ஒன்றிரண்டாகத் தட்டுவாள். மாவாக்கினால் கஷாயம் குழம்பிவிடுமாம். மண்சட்டியில் தண்ணீரை ஊற்றியதும், விளக்குமாற்றிலிருந்து உருவாத புது ஈர்க்குச்சி ஒன்றை உள்ளே செங்குத்தாக விடுவாள். நனைந்த உயரத்தை நாலாகப் பகுத்து, கால் பாகத்தில் நகத்தால் ஒரு கீறல் போடுவாள். அடுப்பு எரிய எரியக் குச்சியை விட்டு விட்டுப் பார்ப்பாள். கீறல்வரை தண்ணீர் இறங்கியதும் விறகை வெளியே இழுத்துவிடுவாள். நாலுக்கு ஒன்றாகச் சுண்ட வைப்பது என்று சித்த மருத்துவ நூல்கள் சொல்வதை அவள் ஓர் ஈர்க்குச்சியில் எழுதி வைத்திருந்தாள்.

"மூக்கப் பிடிச்சிக்கோ. ஒரே மடக்கு. நாக்குல படாம தொண்டைக்குப் போயிரணும்லே."

நாக்கில் படாமல் தொண்டைக்குப் போக நாக்கை என்ன செய்வது என்று அவள் சொன்னதில்லை. குடித்து முடித்ததும் வாயில் ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டி விழும். அது லஞ்சம் என்பது எங்கள் இரு தரப்புக்கும் தெரியும்.

கஷாயத்தைவிடப் பெரிய தண்டனை பத்தியம். புளி ஆகாது, மோர் ஆகாது, மாங்காய் ஆகவே ஆகாது, தலைக்கு ஊற்றக் கூடாது. கூடாதவற்றின் பட்டியலில் பள்ளிக்கூடம் மட்டும் எந்தக் காலத்திலும் சேர்ந்ததில்லை. மூன்று நாள் இப்படிப் போகும். மூன்றாம் நாள் கஷாயம் நின்றுவிடும். நோய் நின்றாலும் சரி, நிற்காவிட்டாலும் சரி. நின்றிருந்தால் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்து, "போதும்லே" என்பாள். நிற்காவிட்டால் தாத்தாவிடம், "பிள்ளைய டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க" என்பாள். அவளுடைய மருத்துவத்திலேயே சிறந்த பகுதி அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆண்டுக்கொரு முறை குற்றமில்லாதவர்களும் தண்டிக்கப்படுவது உண்டு. முழுப்பரீட்சை லீவு விட்டதும் வீட்டிலுள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் பேதி மருந்து. ஒரு வருஷம் விளக்கெண்ணெய் என்றால் மறு வருஷம் நிலவாகை. வீட்டுக்கு ஒரே கக்கூஸ், வரிசையில் நாங்கள் ஐந்தாறு பேர். அன்றைக்கு மத்தியானம் மிளகு ரசமும் குழைந்த சோறும். அத்தோடு அடுத்த ஆண்டுவரை அந்தப் பேச்சு கிடையாது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்க எனக்கு ஆசையில்லை. வீட்டில் ஒருவருக்கு டைபாய்டு வந்தபோது நிலவேம்பு தன்னால் ஆனதைச் செய்து பார்த்தது. காப்பாற்றியது குளோராம்பெனிக்கால் மாத்திரை. தேறி எழுந்ததும் பெயரை என்னவோ ஆச்சியின் கஷாயம்தான் தட்டிக்கொண்டு போயிற்று. "இங்கிலீஷ் மருந்து சூடு. அந்தச் சூட்டைத் தணிச்சது யாரு?" என்று கேட்டாள். பதில் சொல்ல ஆளில்லை.

எங்களுக்கோ உள்ளூர இங்கிலீஷ் மருந்துமேல்தான் பக்தி. டாக்டர் வீட்டுக்குக் காலிப் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு போனால், கம்பவுண்டர் ரோஸ் நிற மிக்சரை ஊற்றி, ஓரத்தில் பல் பல்லாகக் கத்தரித்த தாளொன்றைப் பாட்டிலின் மேல் ஒட்டித் தருவார். ஒரு பல் ஒரு வேளை. ஈர்க்குச்சிக் கீறலுக்கும் இந்தத் தாளுக்கும் வித்தியாசம் இல்லை என்று அன்று தோன்றவில்லை. ஒன்று நாகரிகம், மற்றது பட்டிக்காடு என்றே தோன்றியது. படித்து, வேலை கிடைத்து, சென்னைக்கு வந்த பிறகு, உடம்பு சரியில்லை என்று ஊருக்குக் கடிதம் எழுதுவதையே விட்டேன். எழுதினால் அடுத்த பஸ்ஸில் சுக்கு வந்து இறங்கும்.

கஷாயத்துக்கு மறுபடி மரியாதை வந்தது கொசுவால். 2012-இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு புகுந்து திருநெல்வேலி மாவட்டத்தையே ஆட்டியது. அரசு மருத்துவமனைகளில் நிலவேம்புக் குடிநீர் கொடுக்க ஆரம்பித்தார்கள். நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், கோரைக்கிழங்கு, பற்படாகம், பேய்ப்புடல், சுக்கு, மிளகு என ஒன்பது சரக்கு அதில். பேய்ப்புடல் என்ற பெயரைக் கேட்டாலே ஓடிய நாங்கள், அதற்கு வரிசையில் நின்றோம். கட்சிக்காரர்கள் பந்தல் போட்டு, தலைவர் படம் வைத்து ஊற்றினார்கள். 2017-இல், ஆய்வு முடியட்டும், அதுவரை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தம் இயக்கத்தாரிடம் சொல்லப்போக, ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது. கசப்பைப் பற்றி அவ்வளவு சூடான விவாதம் தமிழ்நாட்டில் அதற்கு முன் நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

2020-இல் கபசுரக் குடிநீர். இதில் பதினைந்து சரக்கு: சுக்கு, திப்பிலி, இலவங்கம், அக்கரகாரம், ஆடாதொடை, கற்பூரவல்லி, கோஷ்டம், சீந்தில், சிறுதேக்கு என்று நீளும் பட்டியல். சித்த மருத்துவர்கள் சொன்ன அளவு தெளிவானது. ஐந்து கிராம் சூரணம், 240 மில்லி தண்ணீர், 60 மில்லியாக வற்ற வேண்டும், வடிகட்டி மூன்று மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். எங்கள் தெருமுனையில் அதை அண்டாவில் காய்ச்சினார்கள். காலையில் இறக்கியதை மாலையில் வந்தவர்க்கும் ஊற்றினார்கள். வற்றுவதற்கு யாருக்கும் பொறுமை இல்லை. தீர்ந்துபோனால் தண்ணீர் சேர்க்க மட்டும் தாராளம். தொற்றைத் தடுக்கும் மருந்துக்காக, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, ஒருவர் முதுகில் ஒருவர் மூச்சு விட்டபடி நின்றோம்.

தொற்று போனது, கஷாயம் போகவில்லை. அது துணிப் பையை விட்டு டப்பாவுக்குக் குடியேறியது. இன்று என் வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு தட்டு முழுக்க டப்பாக்கள். தீபாவளிக்கு வருவது பாதி, மகள் வாங்குவது பாதி. ஒன்று தூக்கத்துக்கு, ஒன்று சருமத்துக்கு, ஒன்று மன அமைதிக்கு. மன அமைதிக்கான டப்பாவின் விலையைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கத்துக்கான டப்பா தேவைப்பட்டது. ஒவ்வொன்றின் பின்புறமும் நம் முன்னோரின் ஞானம் என்று ஒரு பத்தி. முன்னோர் நீதி நூல்களுக்கே திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்று மருந்தின் பெயர் வைத்தவர்கள். பிள்ளைகள் தாமாக விரும்பிக் கேட்க மாட்டார்கள், ஊட்டத்தான் வேண்டும் என்று இரண்டைப் பற்றியும் தெரிந்திருந்தார்கள். இந்த டப்பாக்களை யாருக்கும் ஊட்ட வேண்டியதில்லை. கசப்பை எடுத்துவிட்டார்கள்.

எடுத்த இடத்தில் நிறத்தை வைத்திருக்கிறார்கள். சமீபத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் சங்குப்பூ டீ கொடுத்தார்கள். எங்கள் ஊரில் வேலியில் படர்ந்து கிடக்கும், பூசைக்குப் பறிப்போம். அதைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. கண்ணாடிக் கோப்பையில் நீலமாக இருந்ததில் பையன் எலுமிச்சையைப் பிழிந்தான். நீலம் ஊதாவாக மாறியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பூவில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்பு பட்டால் நிறம் மாறும். பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாளை வைத்து வாத்தியார் காட்டியது இதே வித்தைதான், அன்று யாரும் கைதட்டவில்லை. குடித்தவர்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "உடம்புக்கு ரொம்ப நல்லதாம் சார்" என்றார்கள். நான் கேட்டது ருசியை.

உடம்புக்கு நல்லது என்பது முழுப் பொய்யும் அல்ல, அதுதான் சிக்கல். மசக்கை வாந்திக்கு இஞ்சி உதவுகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன. மஞ்சளோடு மிளகு சேர்த்தால் மஞ்சளின் குர்குமின் ரத்தத்தில் சேர்வது 20 மடங்கு கூடுகிறது என்று 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு சொன்னது. ஆச்சியின் மஞ்சள் பாலில் மிளகு எப்போதும் இருக்கும். இல்லாவிட்டால் சளி கேட்காது என்பது அவள் சொன்ன காரணம். அந்த மஞ்சளைக் காயத்துக்குப் போடுவது எங்கள் கண்டுபிடிப்பு என்று 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கினார்கள். நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் வழக்காடியதில் 1997-இல் அது ரத்தானது. ஆக, ஆச்சியிடம் விஷயம் இருந்தது. அவளிடம் இருந்த மற்ற சமாசாரங்கள்தான் டப்பாவுக்குள் வரவில்லை.

முதலாவது, எந்தச் செடி என்பது. செம்பருத்தி டீ ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று என் நண்பர் மாடித்தோட்டத்துச் செம்பருத்தியைத் தினமும் மொட்டையடிக்கிறார். அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் தினம் மூன்று கோப்பை வீதம் ஆறு வாரம் கொடுத்து, மேல் அழுத்தம் சராசரியாக ஏழு புள்ளி குறைந்தது என்று 2010-இல் வெளியிட்ட ஆய்வு உண்மைதான். ஆனால் அவர்கள் கொடுத்தது நாம் சாமிக்கு வைக்கும் செம்பருத்தி அல்ல. புளிச்சக்கீரை இனத்தைச் சேர்ந்த செடியின் சிவந்த புல்லிவட்டம். நண்பரிடம் சொன்னேன். "ரெண்டும் சிவப்புதானே" என்றார்.

இரண்டாவது, யாருக்கு என்பது. அதிமதுரத்தை ஆச்சி தொண்டைக்கட்டுக்கு ஒரு துண்டு வாயில் அடக்கச் சொல்வாள், இரண்டு நாள். இன்று இனிப்பில்லாத டீக்கு இனிப்பு வர வேண்டும் என்று பாதி டப்பாக்களில் அதிமதுரம் இருக்கிறது. நாள்தோறும் நிறையக் குடித்தால் அது பொட்டாசியத்தைக் குறைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்தத்தைக் குறைக்க டீயும், ஏற்ற டீயும் ஒரே அலமாரியில், அடுத்தடுத்த தட்டுகளில் விற்கிறார்கள். சீந்திலும் இப்படித்தான். தொற்றுக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று மாதக்கணக்கில் குடித்தவர்கள் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. செடியில் குற்றமா, சீந்தில் என்று வேறு கொடியை வெட்டிக் குடித்தார்களா என்று அவர்கள் வழக்காடட்டும். மாதக்கணக்கில் ஒரு கஷாயத்தைக் குடிப்பது என்பதே ஆச்சிக்கு விளங்கியிருக்காது.

மூன்றாவது, போதும் என்ற சொல். எந்த டப்பாவிலும் அது அச்சாகவில்லை. தினம் இரு வேளை, உணவுக்கு முன் அல்லது பின், உங்கள் விருப்பம்போல் என்று இருக்கிறது. பத்தியமும் இல்லை. எங்கள் அலுவலக விருந்துகளில் பிரியாணிக்கும் குலாப் ஜாமூனுக்கும் பிறகு கடைசியில் ஹெர்பல் டீ வரும். மூன்று நாள் புளியைத் துறந்து நாங்கள் செய்த தவத்தை அது மூன்று நிமிஷத்தில் முடித்துவிடும். அந்த டீயைக் கட்டித் தரும் பை சில டப்பாக்களில் பட்டுபோல் பளபளக்கும் பிளாஸ்டிக் வலை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2019-இல் அப்படி ஒரு பையை 95 டிகிரி சூட்டில் ஊறவைத்துப் பார்த்ததில் சுமார் 1,160 கோடி நுண்துகள்கள் கோப்பையில் இறங்கினவாம். உடம்பைச் சுத்தம் செய்யக் குடிக்கிறோம். வேட்டித் துணியில் வடிகட்டிய காலத்தில் வேட்டி நூல் ஒன்றிரண்டு வந்திருக்கலாம்.

சுத்தம் என்றதும் என் தங்கை மகளைச் சொல்லியாக வேண்டும். நல்ல வேலையில் இருக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், ஒரு நோவு கிடையாது. அவள் ஒருநாள் 'டீடாக்ஸ் டீ' டப்பா ஒன்றோடு வந்தாள். குடலில் சேர்ந்த நச்சையெல்லாம் வெளியேற்றி, இடுப்பளவையும் குறைக்குமாம். குடிக்க ஆரம்பித்து சில நாளாகிறது, எடை குறைகிறது, வயிறு மட்டும் முறுக்குகிறது என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்ததைப் படித்தேன். பச்சைத் தேயிலை, சோம்பு, இஞ்சி, அதற்கடுத்து சென்னா இலை.

சென்னா என்பது நிலவாகை. உலகத்து மருந்து நூல்களில் அதற்கு 'டின்னவேலி சென்னா' என்றே பெயர். எங்கள் திருநெல்வேலிச் சீமையின் கரிசலிலும் தேரிக்காட்டை ஒட்டிய மானாவாரி நிலங்களிலும் விளைந்து, தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி, ஊர் ஊராக மலச்சிக்கலைத் தீர்த்துக்கொண்டிருக்கும் இலை. அதிலுள்ள சென்னோசைடு பெருங்குடலை முடுக்கிவிடும். வெளியேறுவது நச்சு அல்ல. அன்றன்று வெளியேற வேண்டியதும், கூடவே உடம்பின் நீரும். குறைந்த எடை அந்த நீரின் எடைதான். தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது என்று மருந்துக் கடைச் சென்னா மாத்திரை அட்டையில் எச்சரிக்கை உண்டு. அதே இலை டீ ஆனதும் எச்சரிக்கை போய், யோகாசனத்தில் உட்கார்ந்த ஒரு பெண்ணின் படம் வந்துவிட்டது.

"இது பேதி மருந்தும்மா. லீவு விட்டதும் ஆச்சி எங்களுக்கு வருஷத்துக்கு ஒருதரம் கொடுப்பா" என்றேன்.

"அப்படியா மாமா! அப்ப இது நம்ம டிரெடிஷனா?" என்று அவள் முகம் மலர்ந்தது. நான் எதிர்பார்த்த பலன் இதுவல்ல. "நீங்க எல்லாரும் எவ்வளவு ஹெல்தியா வளர்ந்திருக்கீங்க! இங்க ஆன்லைன்ல ரொம்ப விலை மாமா. நம்ம ஊர்லேர்ந்து ஒரிஜினலா வாங்கித் தர முடியுமா?"

வயிறு முறுக்குவது தீரும்வரை டீயை நிறுத்துவதாக அவள் ஒப்புக்கொண்ட பிறகு, அவள் எதிரிலேயே ஊரிலுள்ள நாட்டு மருந்துக் கடைக்கு போன் போட்டேன். கடைக்காரர் வாயாலேயே இரண்டு வார்த்தை கேட்டால் இவள் திருந்துவாள் என்று ஒரு நப்பாசை. ஸ்பீக்கரிலும் போட்டேன்.

"நிலவாகையா? இருக்கு அண்ணாச்சி. யாருக்கு?"

"தங்கச்சி மகளுக்கு."

"என்ன செய்யுது பிள்ளைக்கு? கட்டிக்கிட்டா?"

"அதெல்லாம் இல்ல. நல்லாத்தான் இருக்கா. தினமும் டீ மாதிரி குடிக்கணுங்கா."

மறுமுனையில் கொஞ்சம் அமைதி. பின்னால் எதையோ இடிக்கும் உலக்கைச் சத்தமும் நின்றது.

"நல்லா இருக்கிற பிள்ளைக்கு இது எதுக்கு அண்ணாச்சி? சொன்னா கேளுங்க, வேண்டாம். குடல் பழகிப் போயிரும். பெறகு இது இல்லாம காரியம் ஆகாது."

நான் தங்கை மகளை வெற்றியோடு பார்த்தேன். அவள் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. அகத்தியர் மலையடிவாரம் கைவிடவில்லை என்று நினைத்து நன்றி சொல்லப் போனேன். அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"வேணும்னா ஒண்ணு செய்யலாம் அண்ணாச்சி. நம்மகிட்டயே இப்ப ஆவாரம்பூ, ரோஜா மொக்கு, செம்பருத்தி எல்லாம் கலந்து பாக்கெட் போடுதோம். மெட்ராஸ்காரங்க நல்லா வாங்குதாங்க. ஒண்ணும் செய்யாது, தினமும் குடிக்கலாம். டப்பாவும் நல்லா இருக்கும். கூரியர்ல போட்டுரட்டா?"

"போடச் சொல்லுங்க மாமா, ரெண்டு" என்றாள் தங்கை மகள்.